போன வளையல் திரும்புமா?

"என்ன அண்ணே, நகையைத் திருப்பியாயிற்றா?"

"எங்கே தம்பி திருப்புவது! வட்டியைக் கட்டிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறேன்."

"போன வருஷமும் இதையேதானே சொன்னீர்கள்?"

"போன வருஷம் மட்டுமா? வளையலை வைத்தது பெரியவனை ஒன்றாம் வகுப்பிலே சேர்த்தபோது. இப்போது அவன் எட்டாம் வகுப்பு!"

ஆலை வாசலிலே, பஸ் நிலையத்திலே, தேநீர்க்கடைப் பெஞ்சியிலே நாள்தோறும் நம் காதிலே விழும் பேச்சு இது. கோவையிலே கேட்டாலும் இதுதான், அம்பத்தூரிலே கேட்டாலும் இதுதான், சிவகாசியிலே கேட்டாலும் இதுதான். பையன் ஒன்றிலிருந்து எட்டுக்குப் போய்விட்டான். வளையல் மட்டும் போன இடத்திலேயே இருக்கிறது. ஏழு ஆண்டுகள் கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்த்தால், வைத்தபோது வாங்கிய பணத்தைத் தொட்டுவிடும், சில இடங்களிலே தாண்டியும் விடும். ஆனால் வளையல்? அது இன்னமும் வேறொருவன் இரும்புப் பெட்டியிலே!

தோழர்களே! இதை ஒரு குடும்பத்தின் சொந்தக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. உழைத்துப் பிழைக்கும் இலட்சோப இலட்சம் குடும்பங்களின் வரவு செலவு இதிலேதான் அடங்கியிருக்கிறது. சர்க்காரின் வரவு செலவுத் திட்டம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், மேடை மேடையாகப் பேசுகிறோம். நம் வீட்டு வரவு செலவைப் பற்றி ஒரு நாளாவது உட்கார்ந்து பேசினோமா? இன்று பேசுவோம்.

கழுத்தே வங்கி, கையே பெட்டி

பணக்காரனுக்கு அவசரம் வந்தால் வங்கி மேலாளர் வீடு தேடி வருவார். மாதச் சம்பளக்காரருக்கு அவசரம் வந்தால் சம்பளச் சீட்டு பேசும். நாள் கூலிக்காரனுக்கு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு, தறி ஓட்டுபவனுக்கு, ஆட்டோ ஓட்டுபவனுக்கு எது பேசும்? அவன் மனைவியின் கழுத்தும் காதும் கையும்தான் பேசும்! ஆஸ்பத்திரியிலே முன்பணம் கேட்டால் சங்கிலி போகும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் வளையல் போகும். வீட்டு உரிமையாளர் முன்பணத்தை உயர்த்தினால் தோடு போகும்.

"தங்கம் வாங்கிப் பூட்டி வைக்கிறார்களே, பைத்தியக்கார ஜனங்கள்!" என்று படித்த பெரியவர்கள் சிலர் பரிகாசம் செய்வதுண்டு. அவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். காலையிலே கொண்டுபோனால் உச்சிப் பொழுதுக்குள் பணமாகத் திரும்பும் சொத்து, ஏழைக்கு வேறு எது இருக்கிறது? நிலமா? வீடா? பங்குப் பத்திரமா?

அடகு வைப்பது அவமானமும் அல்ல. இந்திய சர்க்காரே நகையை அடகு வைத்த கதை உண்டு! 1991-ஆம் ஆண்டிலே, வெளிநாட்டிலிருந்து எண்ணெய் வாங்கவும் பழைய கடனின் தவணையைக் கட்டவும் அன்னியச் செலாவணி இல்லாமல் டில்லி தவித்தது. அப்போது ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாக வைத்து, 40 கோடி டாலர் அளவுக்குக் கடன் பெற்றது. ஆம், நாடே வளையலைக் கழற்றிக் கொடுத்தது! ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் கடனை அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அடைத்து, தங்கத்தை ஈட்டிலிருந்து விடுவித்துவிட்டார்கள். வைக்கும்போதே திருப்பும் வழியையும் எண்ணி வைத்தார்கள்.

நாம் அப்படி எண்ணி வைக்கிறோமா? வைக்கும்போது எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறோம். எப்போது திருப்புவது, எதைக்கொண்டு திருப்புவது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை. வளையல் போன இடத்திலேயே தங்குவதற்கு முதற்காரணம் அதுதான்.

2025-இலே நடந்தது என்ன?

நகைக்கடன் பற்றி 2025-ஆம் ஆண்டிலே நாடெங்கும், குறிப்பாகத் தமிழ்நாட்டிலே, ஒரு பெரும் பேச்சு எழுந்தது. அதன் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். நகைக்கடன் தருவோரிடம் முறைகேடுகள் இருப்பதாக 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையிலே சுட்டிக்காட்டிற்று. கடன் வாங்குபவர் இல்லாத நேரத்திலே நகையை மதிப்பிடுவது, ஏலம் விடுவதிலே ஒளிவு மறைவு என்று குறைகள் பலவற்றைப் பட்டியலிட்டது. பிறகு 2025 ஏப்ரலிலே புதிய விதிகளின் வரைவு வந்தது.

வரைவு வந்ததோ இல்லையோ, ஊரெங்கும் அச்சம்! "நகைக்கு ரசீது கேட்பார்களாம்! வருமானத்துக்குச் சான்று கேட்பார்களாம்!" பாட்டி போட்ட சங்கிலிக்கு ரசீது எங்கே இருக்கும்? தாய் வீட்டிலிருந்து வந்த தோட்டுக்குச் சான்று யார் தருவார்? வங்கிக் கதவு மூடினால் ஏழை எங்கே போவான்? வட்டிக்காரன் வாசலுக்குத்தானே!

அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. தங்கத்தைப் பற்றி டில்லி விதி செய்து, அதனால் எளியவர்கள் அடிபட்ட வரலாறு உண்டு. 1963 ஜனவரியிலே தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யக்கூடாது என்றார்கள். மக்களின் தங்க ஆசை குறைந்ததா? இல்லை. பட்டறையிலே உட்கார்ந்து ஊதுகுழல் ஊதிய பொற்கொல்லன் பிழைப்பு குறைந்தது. கள்ளக் கடத்தல்காரன் பிழைப்பு பெருகிற்று. 1968-இலே அதைச் சட்டமாகவே ஆக்கி, கடைசியில் 1990-இலே அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள். சூடுபட்ட மக்கள் சுருக்கென்று அஞ்சியதிலே வியப்பென்ன?

தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. சிறு கடன்களுக்கு விலக்கு வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகமே ரிசர்வ் வங்கிக்கு யோசனை கூறும் நிலை வந்தது. 2025 ஜூன் 6 அன்று இறுதி விதிகள் வெளிவந்தன. 2026 ஏப்ரல் 1-க்குள் செயலுக்குக் கொண்டுவர வேண்டுமென்று கெடு வைக்கப்பட்டது. இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வருமானத்தைத் துருவி ஆராயும் கட்டாயம் இல்லை. ரசீது இல்லையெனில், நகை தனக்குரியதுதான் என்ற உறுதிமொழி போதும். கூச்சலிட்டது வீண் போகவில்லை, தோழர்களே! வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது.

85 என்னும் கண்கட்டு

"இனி நகை மதிப்பிலே நூற்றுக்கு 85 கடன்!" என்று செய்தி வந்தபோது பலர் முகம் மலர்ந்தது. விதி சொல்வது இதுதான்: வீட்டுச் செலவுக்கான கடன் இரண்டரை இலட்சம் வரை என்றால் நகை மதிப்பிலே 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து இலட்சம் வரை 80, அதற்கும் மேலே 75. நகைக்கடன் கம்பெனிகளுக்கு 2012-இலே 60 என்றிருந்தது, 2014-இலே 75 ஆயிற்று. கொரோனாக் காலத்திலே, 2020 ஆகஸ்டு முதல் 2021 மார்ச்சு வரை, வங்கிகள் 90 வரைகூடத் தரலாம் என்றார்கள்.

ஆனால் அந்த 85-க்குள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆண்டு முடிவிலே முதலும் வட்டியும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டும் கடனுக்கு, அந்த முடிவுத் தொகைதான் 85-ஐத் தாண்டக்கூடாது. கணக்குப் போடுவோம். நகையின் மதிப்பு ஒரு இலட்சம் ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். ஆண்டு முடிவிலே மொத்தம் 85,000 என்றால், இன்று கைக்கு வருவது சுமார் 75,900 ரூபாய்தான்! அதே நகையை 24 சதவீத வட்டி வாங்கும் கம்பெனியிலே வைத்தால் கைக்கு வருவது சுமார் 68,500. வட்டி ஏற ஏற, கைக்காசு குறையும். "எங்களிடம் வாருங்கள், அதிகம் தருகிறோம்" என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதுகிறவர்களிடம், "வட்டி எவ்வளவு?" என்று முதலில் கேளுங்கள்.

மதிப்பு என்பதும் கடையிலே நீங்கள் கொடுத்த விலை அன்று. கல்லுக்கு மதிப்பில்லை, செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் மதிப்பில்லை. தங்கத்தின் எடைக்கும் தரத்துக்கும் மட்டுமே மதிப்பு. அதுவும் முந்திய நாள் விலை, முந்திய முப்பது நாள் சராசரி விலை என்ற இரண்டிலே எது குறைவோ அந்த விலைக்கே. சேதாரமும் செய்கூலியும் கொட்டிக் கொடுத்து, கல்லிழைத்த நகை வாங்குகிறவர் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அணிந்து மகிழ வாங்கினால் அது வேறு. ஆபத்துக்கு உதவும் என்று வாங்கினால், கல் இல்லாத, வேலைப்பாடு குறைந்த நகையே துணை நிற்கும்.

தந்தது என்ன, கேட்பது என்ன?

புதிய விதிகளிலே உழைப்பாளிக்குப் பயனுள்ளவை பல உண்டு; மறைக்க வேண்டியதில்லை. நகையை உங்கள் கண்ணெதிரே மதிப்பிட வேண்டும். எடையும் தரமும் எழுதிய சான்று தர வேண்டும். ஒப்பந்தம் உங்கள் மொழியிலே இருக்க வேண்டும். தமிழிலே கேட்பது சலுகை அன்று, உரிமை! கடனை அடைத்தால் அன்றே, மிஞ்சிப் போனால் ஏழு வேலை நாளுக்குள், நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு ஈடு தர வேண்டும். ஏலம் விடுமுன் உங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். ஏலத்தின் தொடக்க விலை அன்றைய மதிப்பிலே 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85. கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. அதை ஏழு வேலை நாளிலே உங்களிடம் சேர்க்க வேண்டும்.

நகை ஏலத்துக்குப் போனால் "தொலைந்தது" என்று தலையிலே கைவைத்து வீட்டிலே உட்கார்ந்துவிடுவோர் எத்தனை பேர்! மிச்சப் பணம் தமக்கு வரவேண்டும் என்பதே தெரியாதவர் எத்தனை பேர்! கேட்காத பணம் தானாக நடந்து வீட்டுக்கு வராது, தோழர்களே!

சரி, விதி தந்ததைச் சொன்னோம். விதி கேட்பது என்ன? அங்கேதான் இடிக்கிறது. ஆண்டு முடிவிலே மொத்தமாகக் கட்டும் கடனுக்குப் பன்னிரண்டு மாதமே எல்லை. சேர்ந்த வட்டியைக் கட்டினாலொழியப் புதுப்பிக்க முடியாது. மேற்கொண்டு கடனும் கிடையாது. கொள்கையளவிலே இது நியாயம். வட்டியை முதலாக்கி, முதலை மலையாக்கும் வழக்கத்துக்கு இது ஒரு தடை. ஆனால் பன்னிரண்டாம் மாதம் 9,000 ரூபாயை ஒருசேரப் புரட்டுவது 18,000 ரூபாய் சம்பளக்காரனுக்கு எளிதா?

புரட்ட முடியாதவன் என்ன செய்கிறான்? வாசலிலேயே காத்திருக்கும் கைமாற்றுக்காரனிடம் கைநீட்டுகிறான். காலையிலே வாங்கி, நகையை மீட்டு, மறுபடி வைத்து, மாலையிலே திருப்பிக் கொடுக்கிறான். அந்த ஒரு நாளுக்கும் ஒரு கூலி வட்டி! பூனைக்குப் பயந்து புலிக்குகையிலே ஒண்டிய கதை இது. விதி செய்தவர்கள் இந்தப் புலியையும் எண்ணியிருக்க வேண்டும். வட்டியை மாதந்தோறும் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை ஒவ்வொரு கிளையிலும் செய்ய வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விதிகள் வங்கிகளுக்கும், கூட்டுறவு வங்கிகளுக்கும், நகைக்கடன் கம்பெனிகளுக்கும்தான். தெருமுனை அடகுக் கடை 1943-ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டத்தின்கீழ் வருவது. அதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும், அடகுச் சீட்டுத் தர வேண்டும். உரிமமும் இல்லாமல், சீட்டும் இல்லாமல், துண்டுக் காகிதத்திலே கிறுக்கிக் கொடுப்பவரிடம் வைத்த நகைக்கு எந்த விதியும் காவல் இல்லை. நாமும் அத்தகைய ஒரு கடையின் படியேறியவர்கள்தாம். கடைக்காரர் ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனபோது, நம் கையிலே மிஞ்சியது பென்சில் எழுத்து அழிந்த ஒரு துண்டுக் காகிதமே. பட்டதைச் சொல்கிறோம், கேட்டதைச் சொல்லவில்லை.

நூறு ரூபாயின் இரண்டு முகங்கள்

வட்டியை நாம் "இரண்டு வட்டி, மூன்று வட்டி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது அல்லவா? இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று வட்டி என்றால் 36. 75,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி மூன்று ஆண்டுகள் வட்டி மட்டும் கட்டினால், கட்டியது 81,000 ரூபாய். வாங்கியதைவிட அதிகம்! முதல் 75,000 குன்றுபோல் அப்படியே நிற்கும்.

தண்டலைப் பாருங்கள். பத்தாயிரம் என்று பெயர்; 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையிலே தருவார். நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே, பதினைந்து சதவீதம்தானே" என்று தோன்றும். அல்ல! நூறு நாளும் அந்தப் பணம் உங்களிடம் இருப்பதில்லை. ஐம்பதாவது நாளிலே பாதியைத் திருப்பிவிட்டீர்கள். நாள் தவறாமல் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம் வருகிறது. அதாவது பத்து வட்டி! பத்து வட்டி என்று சொல்லிக் கேட்டால் பதறி ஓடுவீர்கள். தண்டல் என்று சொன்னால் தலையாட்டுகிறீர்கள். பெயரிலே இருக்கிறது ஏமாற்று.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டிலே சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரிலே, திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தீக்குளித்து மாண்ட கொடுமையைக் கண்டோம். 2025-இலே, கடன் வசூலிலே மிரட்டலையும் வன்முறையையும் தண்டிக்க மற்றொரு சட்டம் வந்தது. சட்டம் வேண்டும், ஆனால் சட்டம் வீட்டுக்குள் வந்து கணக்குப் போட்டுத் தராது. கணக்கை நாம்தான் போட வேண்டும்.

இதோ கணக்கு. தண்டல்காரனுக்கு நாள்தோறும் 100 ரூபாய் கொடுக்க முடிகிறவனுக்கு, அதே நூறைச் சேர்த்து மாதம் 3,000 ரூபாய் நகைக்கடனுக்குக் கட்ட முடியாதா? 75,000 ரூபாய்க் கடன், 12 சதவீத வட்டி. மாதம் 3,000 கட்டினால் ஓராண்டிலே மீதி சுமார் 46,500-ஆக இறங்கும். இடையிலே இரண்டு முறை புதுப்பிக்க நேர்ந்தாலும், 29 மாதத்திலே வளையல் வீட்டுக்கு வரும். மொத்த வட்டி ஏறத்தாழ 11,700. அதே மனிதன் முதலைத் தொடாமல் ஆண்டுக்கு ஆண்டு 9,000 வட்டி மட்டும் கட்டினால்? ஏழு ஆண்டிலே 63,000 போயிருக்கும், வளையல் வந்திராது. நாம் தொடக்கத்திலே கண்ட தோழரின் கதை இதுதான்!

தோழர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது: எல்லா நகையையும் ஒரே சீட்டிலே வைக்காதீர்கள். வளையலுக்கு ஒரு சீட்டு, சங்கிலிக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக வையுங்கள். ஒரே மூட்டையாக வைத்தால் முழுப் பணமும் சேர்ந்தாலொழிய ஒரு தோடும் வராது. தனியாக வைத்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒன்று வீடு வந்து சேர்ந்தால் மற்றொன்றை மீட்கும் உறுதி தானே பிறக்கும்.

இரண்டாவது: கிடைப்பதெல்லாம் வாங்காதீர்கள், தேவையானதை மட்டும் வாங்குங்கள். 40,000 தேவைக்குப் போய், "75,000 வரை தருகிறோம்" என்றதும் வாங்கி வந்து, மிச்சத்திலே புதிய கைபேசி வாங்குவது யாருடைய பணம்? நம் மனைவியின் வளையல்தான் கைபேசியாக மாறியிருக்கிறது! 2025 ஜனவரித் தொடக்கத்திலே 60,000-க்குக் கீழே இருந்த சவரன் விலை, ஏப்ரலிலேயே 70,000-ஐத் தாண்டிற்று. "விலை ஏறிவிட்டது, அதே நகைக்கு இன்னும் பணம் தருகிறோம்" என்று அழைப்பு வரும். ஏறும் விலை இறங்கவும் செய்யும். 2013 ஏப்ரலிலே தங்கம் சரிந்ததை மறந்துவிடாதீர்கள். விலை இறங்கலாம், வாங்கிய கடன் இறங்காது.

மூன்றாவது: நகையை எதற்கு வைக்கலாம், எதற்கு வைக்கக்கூடாது என்று வீட்டிலே ஒரு முடிவு செய்யுங்கள். உயிர் காக்க வையுங்கள், படிப்புக்கு வையுங்கள், தண்டலையும் மூன்று வட்டியையும் அடைக்கத் தாராளமாக வையுங்கள். 120 சதவீதக் கடனை 12 சதவீதக் கடனாக மாற்றுவது, எரிகிற வீட்டிலிருந்து வெளியே வருவதற்கு ஒப்பு. ஆனால் ஊர் மெச்சப் பந்தல் போடவும், உறவினர் வியக்க விருந்து வைக்கவும் வைக்காதீர்கள். பந்தல் மறுநாள் பிரிந்துவிடும்; வட்டி பிரியாது.

நான்காவது: மாதம் ஒரு தொகை கட்டும்போது, அது அன்றே கணக்கிலே வரவு வைக்கப்படுகிறதா, முதலிலே கழிகிறதா என்று கேட்டு ரசீது வாங்குங்கள். கேட்பவனைக் கண்டால்தான் கணக்கு நேராக நிற்கும்.

ஐந்தாவது: தள்ளுபடி வரும் என்று காத்திருக்காதீர்கள். 2021-இலே கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது; அதனால் மூச்சு விட்ட குடும்பங்கள் உண்டு. ஆனால் பரிசீலனையிலே தகுதியில்லை என்று நின்றுபோனவர்களும் மிகப் பலர். தள்ளுபடி வந்தால் மகிழ்வோம். அதை நம்பித் தவணையைத் தள்ளிப் போடுவது, மழையை நம்பிக் கிணற்றைத் தூர்ப்பதாகும்.

வளையல் யாருடையது?

கடைசியாக ஒன்று. இதுவரை "நம் வளையல், நம் நகை" என்று சொல்லிக்கொண்டே வந்தோம். உண்மையிலே அது யாருடையது? அதை அணிந்திருந்தவளுடையது! பிறந்த வீட்டார் அவளுக்குப் போட்டதை, அவளைக் கேட்காமல், சில வேளை அவளுக்குத் தெரியாமலே, பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் வீரர்கள் நம்மிடையே இல்லையா? மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டிலே மனைவியின் வளையலைக் கழற்றிச் செல்வது எந்த நியாயம்?

2024 ஏப்ரலிலே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மனைவியின் சீதனச் சொத்திலே கணவனுக்கு உரிமை கிடையாது; இடர்ப்பட்ட நேரத்திலே பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு. ஆகவே தோழர்களே, வைக்குமுன் கேளுங்கள். அவள் பெயரிலே வையுங்கள். சீட்டை அவளிடம் கொடுங்கள். மாதம் 3,000 கட்டும் பொறுப்பைக் கணக்கோடு அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். கூலி உயர்வுக்காக முதலாளியிடம் கணக்குக் கேட்கும் நாம், வீட்டிலே கணக்குச் சொல்ல அஞ்சலாமா?

கணக்குப் போட்டுவிட்டால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வயிற்றுக்குப் போதாத கூலியை எவ்வளவு திறமையாகப் பங்கிட்டாலும் அது போதாததே. மருத்துவமும் கல்வியும் மலிவாக, தரமாகக் கிடைத்தால் பாதி நகைகள் வீட்டிலேயே இருக்கும். அதற்கான போராட்டம் வேறு, அது ஓயக்கூடாது. ஆனால் கூலி உயர்ந்த அன்றே அந்த உயர்வு முழுவதும் வட்டியாக ஓடிவிடுமானால், நாம் முழங்கியதும் நடந்ததும் வேலை நிறுத்தம் செய்ததும் யாருக்காக? வட்டிக்காரனுக்காகவா? சங்கம் வென்று தந்ததைச் சீட்டு விழுங்கலாமா?

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அடகுச் சீட்டுகளை எல்லாம் எடுங்கள். மனைவியையும் அருகே உட்காரச் சொல்லுங்கள். வைத்த தேதி, வாங்கிய தொகை, வட்டி வீதம், இதுவரை கட்டியது என்று ஒரு தாளிலே எழுதுங்கள். எந்தச் சீட்டுக்கு வட்டி அதிகமோ, அதற்கு முதல் குறி போடுங்கள். நாளை முதல் நாளொன்றுக்கு நூறோ ஐம்பதோ, முடிந்ததைத் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை தேநீர்க்கடைப் பெஞ்சியிலே, "என்ன அண்ணே, நகையைத் திருப்பியாயிற்றா?" என்று தம்பி கேட்கட்டும்.

"ஒன்றைத் திருப்பிவிட்டேன் தம்பி, அடுத்த சீட்டுக்கும் பணம் சேர்கிறது" என்ற பதில் வரட்டும்!